சிப்பிக்காட்டு நீலம்

மண் பரிசோதனை வண்டி காரைமேட்டுக்கு வந்த புதிதில், ஒருநாள் முற்பகல், ஊரின் தெற்குக் கோடியில் வாகை மரத்தடியில் நின்ற அந்த வண்டிக்குள் ஆக்னஸ் மேடம் ஒரு கண்ணாடிக் குழாயில் மருந்தை ஊற்றி அது மெல்ல மெல்ல நீலமாவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நடுத்தெருவில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பாப்பாத்தியின் இரண்டு கைகளும் விரல் நுனியில் தொடங்கி மணிக்கட்டு வரைக்கும் நீலமாயின. துணிக்குப் போடுகிற சொட்டு நீலம்தான் எங்கேயோ ஒழுகிவிட்டது என்று அவள் சோப்புப் போட்டுக் கழுவினாள், போகவில்லை, சரி போ என்று வெங்காயத்தை வதக்கிக் குழம்பை இறக்கினாள். டீக்கடையில் உட்கார்ந்திருந்த அவள் புருஷனின் கையும், பள்ளிக்கூடத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளின் கையும் அதே நேரத்தில் நீலமாகி, வெயில் இறங்கும்போது தானாகவே வெளுத்துவிட்டன. அன்றைக்கு மேடம் கரைத்தது பாப்பாத்தி வீட்டு மேலக்காட்டு மண் என்று தெரிந்ததும், அப்ப சரி என்று ஊர் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

காரைமேடு பெரம்பலூருக்குக் கிழக்கே, ஒரு காலத்தில் கடல் கிடந்த இடம். ஏர் ஓட்டினால் சிப்பி மாட்டும், சுருண்ட நத்தை மாட்டும், உருண்டை உருண்டையாகக் கல் மாட்டும். அந்த உருண்டைக் கல் என்றைக்கோ செத்த கடல் உயிர்களின் எலும்பு இறுகிப் போனது என்றும், அதற்குள் பாஸ்பரஸ் என்கிற மணிச்சத்து ஏராளமாக இருக்கிறது என்றும், ஆனால் சுண்ணாம்பு மண் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு கரையவிடாததால் மேலே நிற்கிற பயிர் ஏங்கிப்போகிறது என்றும் ஆக்னஸ் மேடம் ஊர்க்கூட்டத்தில் சொன்னார். எல்லாம் வைத்துக்கொண்டு யாருக்கும் உதவாமல் கிடப்பது எப்படி என்று அவர் மேற்கொண்டு விளக்க வேண்டியிருக்கவில்லை, அவரவர் உறவிலேயே அப்படி ஆட்கள் இருந்தார்கள்.

அந்தக் கல் எவ்வளவு கரைகிறது, எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்று அளப்பதுதான் மேடத்தின் வேலை. ஒவ்வொருவர் காட்டு மண்ணையும் ஈரமாக ஜாடியில் வைத்திருந்து, வாரா வாரம் அதில் கொஞ்சம் எடுத்து, உப்புக் கரைசலில் போட்டு, குலுக்குகிற மெஷினில் வைத்துக் குலுக்கி, வடிதாளில் வடிகட்டி, தெளிந்து இறங்கிய தண்ணீரில் மருந்தை ஊற்றுவார். கரைந்து வந்த மணிச்சத்து மட்டும் நீலமாகும், கரையாமல் கல்லாகவே கிடப்பது நீலமாகாது. மண்ணில் கரைந்தது வேருக்குப் போய், வேரிலிருந்து தானியத்துக்குப் போய், தானியத்திலிருந்து தின்றவரின் எலும்புக்குப் போகிறது, நான் இங்கே அளக்கும்போது அது போய்ச் சேர்ந்த இடத்திலும் நீலம் காட்டுகிறது என்று அவர் தன் மேலதிகாரிக்கு எழுதினார். கருவியைச் சரிபார்க்கவும் என்று பதில் வந்தது. அவர் சரிபார்த்தார், கருவி சரியாகத்தான் இருந்தது.

ஊர் அதற்குள் பழகிவிட்டது. இன்றைக்கு யார் காட்டு மண் என்பதை வண்டிக் கதவில் சாக்பீஸால் எழுதிப் போடச் சொன்னார்கள், அதைப் பார்த்துவிட்டுத்தான் டீக்கடையில் கிளாஸைப் பிடித்திருக்கும் கையைப் பற்றிப் பேசுவதா வேண்டாமா என்று முடிவு செய்தார்கள். மகன் வீட்டுச் சோறு தன் தொண்டையில் இறங்காது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த மாமியார் ஒருத்திக்கு மகன் காட்டு மண்ணைக் கரைத்த அன்று முழங்கை வரை நீலம் ஏற, மருமகளுக்குச் சிரிப்பு வந்து, பிறகு மாமியாருக்கும் வந்து, அந்தச் சண்டை அத்தோடு தீர்ந்தது. என் காட்டு வரகுக்கு ஈடு கிடையாது என்று மீசையை முறுக்கிய ஒருவரின் கை வெள்ளைவெளேர் என்று இருந்து, வரகை விற்றுவிட்டுக் கடை அரிசி தின்கிற கதை வெளியே வந்தது. அடுத்தவர் காட்டில் வெங்காயம் பிடுங்கித் தின்றவன் தானாகவே போய் ஒத்துக்கொண்டான். பக்கத்து ஊர்க் கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரம் பார்த்து மாப்பிள்ளை கை நீலமாகி, பெண்வீட்டார் முகம் வெளிறிப் போனதிலிருந்து, முகூர்த்த நாளில் மருந்து ஊற்ற வேண்டாம் என்று ஊர் கேட்டுக்கொண்டது. மேடமும் வண்டிக்குள் ஒரு காலண்டரை மாட்டி, முகூர்த்தமென்றால் குழாய்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்துவிடுவார்.

அப்புறம்தான் ஊராட்சித் தலைவர் செங்கமலைக்கு அந்த யோசனை வந்தது. காட்டுத் தகராறு தீர்த்துத் தீர்த்தே அவருக்குத் தலை வழுக்கையாகிவிட்டது என்பார்கள். வாய் ஆயிரம் சொல்லும், கை பொய் சொல்லாது என்று அவர் வழக்குகளை வாகை மரத்தடிக்குக் கொண்டுவந்தார், எவன் கை நீலமோ அவனுக்குக் காடு என்பது கொஞ்ச நாளில் காரைமேட்டின் சட்டமாகிவிட்டது. அது கோர்ட்டில் நிற்காது என்பது எல்லோருக்கும் தெரியும்; ஆனால் கோர்ட்டுக்கு பஸ் பிடிக்க வேண்டும், வாகை மரம் பக்கத்திலேயே இருந்தது.

தான் உழைத்த மண் தன் கையை விட்டுவிடாது என்று, இந்தச் சட்டத்தை நம்பித்தான் கொளஞ்சி தன் சிப்பிக்காட்டைக் கேட்டு வந்தாள்.

வாகை மரத்தடியில் நின்று தெற்கே பார்த்தால் முதலில் தெரிகிற காடு சிப்பிக்காடு. அம்மா போனபோது கொளஞ்சி பாவாடை கட்டுகிற வயதுப் பெண், தம்பி தர்மலிங்கம் இடுப்புக் குழந்தை; அவனை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு அவள் களை எடுத்தாள், அவனைப் படிக்க அனுப்ப வேண்டுமென்று கல்யாணத்தைத் தள்ளிப் போட்டாள், தள்ளிப் போட்டதை ஒருநாள் எல்லோரும் மறந்துவிட்டார்கள். தம்பி படித்து, திருச்சியில் வேலை பார்த்து, வீடு கட்டி, பேரன் பேத்தி எடுத்துவிட்டார். காடு அவர் பெயரில் இருந்தது, பெண்பிள்ளை பெயரில் எழுதுகிற வழக்கம் அந்த வீட்டில் இருக்கவில்லை. இப்போது சுண்ணாம்புக்கல் வெட்டுகிறவர்கள் வந்து சிப்பிக்காட்டைக் கேட்க, அவரும் கொடுப்பதாகச் சொல்லிவிட்டார். அவர் கெட்டவர் என்று சொல்ல முடியாது. கல்லும் சிப்பியும் தவிர அந்தக் காடு நமக்கு என்ன கொடுத்தது, வயதான காலத்தில் அக்கா இன்னும் வெயிலில் குனிந்துகொண்டிருக்க வேண்டுமா, திருச்சியில் அவளுக்கென்று ஃபேன் போட்ட அறை இருக்கிறது என்று மனதாரத்தான் பேசினார்.

கல் வெட்டினால் காடு இருக்காது, பள்ளம்தான் இருக்கும் என்பது கொளஞ்சிக்குத் தெரியும். அவள் தலைவரிடம் கேட்டது அதிகமில்லை.

"அவன் காடுதான், நான் இல்லேங்கல. நான் செத்த பொறவு வெட்டிக்கிட்டும். அதுவரைக்கும் உடச் சொல்லுங்க."

தர்மலிங்கத்துக்கு இந்த நீல விவகாரம் கேட்டுச் சிரிப்புதான் வந்தது, ஆனாலும் ஊர் மரியாதைக்குக் கட்டுப்பட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்து வாகை மரத்தடியில் நாற்காலியில் உட்கார்ந்தார். சிப்பிக்காட்டு மண் அதுவரை வண்டிக்கு வந்திருக்கவில்லை, கொளஞ்சிதான் அன்று காலையில் கொண்டுவந்திருந்தாள். சபைக்குக் கொண்டு போகிற மண் என்பதால் வீட்டில் இருப்பதிலேயே நல்ல சாக்கு எது என்று தேடி, கிழியாத டி.ஏ.பி. உரச்சாக்கு ஒன்றை எடுத்து, உதறி, துடைத்து, அதில் அள்ளிக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். உரச்சாக்கு இல்லாமல் காரைமேட்டில் எதுவும் நடக்காது. மழைக்குத் தலையில் கொங்காணி போடுவதும் அதுதான், வெங்காயம் கட்டுவதும் அதுதான், விருந்தாளிக்கு விரித்துப் போடுவதும் அதுதான்.

மேடம் மருந்தை ஊற்றியதும் குழாய் மைப்புட்டி மாதிரி கறுத்துவிட்டது. அத்தனை நீலத்தை யாரும் பார்த்ததில்லை. எல்லோரும் கொளஞ்சியின் கையைப் பார்த்தார்கள், அது அப்படியே இருந்தது. தர்மலிங்கத்தின் கையைப் பார்த்தார்கள், அதுவும் அப்படியே இருந்தது. பிறகு அவரவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள், ஊரில் ஒரு கை நீலமாகவில்லை. கடல் தாண்டி எந்தத் தேசத்துப் பாறையிலிருந்து அந்தச் சாக்கு உரம் வந்ததோ, அந்த மண்ணைத் தின்று வளர்ந்தவர்கள் அன்றைக்குத் தங்கள் கையைப் பார்த்து என்ன நினைத்தார்களோ, அது நமக்குத் தெரியாது. காடே அவளைத் தெரியாது என்று சொல்லிவிட்டதாக நாலு பேர் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். கொளஞ்சி கையை நீட்டியபடியே நின்றாள், மடக்கக் கூடத் தோன்றவில்லை அவளுக்கு.

எதில் கட்டிக்கொண்டு வந்தீர்கள் என்று ஆக்னஸ் மேடம் கேட்டார். அவள் சாக்கைக் காட்டினாள். மேடம் அதட்டவில்லை, சாக்கில் ஒட்டியிருந்த மணிச்சத்து உரம்தான் கரைந்து வந்திருக்கிறது, இது உங்கள் மண் பேசியது இல்லை, நாளைக்கு நானே வந்து எடுக்கிறேன் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். தர்மலிங்கம் இரண்டு இரவு ஊரிலேயே தங்க வேண்டியதாயிற்று.

மறுநாள் காலையில் மேடம் ஒரு சுத்தமான பிளாஸ்டிக் வாளியோடு சிப்பிக்காட்டுக்குப் போனார். வரப்போரம் வேண்டாம், எருக்குப்பை பக்கம் வேண்டாம், மர நிழல் வேண்டாம் என்று தள்ளித் தள்ளி இடம் பார்த்து, ஒரு சாண் ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி, பள்ளத்தின் சுவரிலிருந்து மேலிருந்து கீழாக மண்ணைச் சீவி எடுத்தார். இப்படிக் காடு முழுக்க எடுத்ததை ஒரு துணியில் கொட்டிக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நாலாகப் பிரித்து, எதிரெதிர்க் கால்பங்குகளைத் தள்ளிவிட்டு மிச்சத்தை மறுபடி கலந்து, கடைசியில் இரண்டு கை மண்ணாக ஆக்கினார். அந்த இரண்டு கை மண்ணில் காடு முழுவதும் இருக்கிறது என்றார். கொளஞ்சி கூடவே வந்தாள், தாடையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். முந்தானை முடிச்சில் என்னவோ இருந்தது. மேடம் கேட்டதும் அவிழ்த்துக் காட்டினாள், நாலு நாளைக்கு முன்னால் விழுந்த கடைவாய்ப் பல்.

அவர்கள் வீட்டில் அது ஒரு வழக்கம். விழுந்த பல்லையும் வெட்டிய நகத்தையும் கழிந்த முடியையும் கண்ட இடத்தில் போடமாட்டார்கள், யார் காலிலும் மிதிபடக் கூடாது என்று சொந்தக் காட்டில்தான் புதைப்பார்கள். பால்பல் தொடங்கி கொளஞ்சியின் வாயிலிருந்து விழுந்த எல்லாப் பல்லும் சிப்பிக்காட்டில்தான் கிடக்கின்றன. இதை மட்டும் ஏன் இன்னும் புதைக்கவில்லை என்று மேடம் கேட்டார்.

"யாரு காடுன்னு தெரியாம எங்க பொதைக்கறது?" என்றாள் கொளஞ்சி.

ஆக்னஸ் மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. வாளியில் கிடந்த ஓர் உருண்டைக் கல்லை எடுத்துப் பல்லுக்குப் பக்கத்தில் வைத்து, தனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னார்.

"ரெண்டும் ஒரே சரக்குதாம்மா. மண்ணுல இருந்தா கல், வாயில இருந்தா பல்."

மண்ணை நிழலில் உலர்த்தி, சலித்து, குலுக்கி, வடித்து, மறுநாள் மறுபடி வாகை மரத்தடியில் ஊர் கூடியபோது, மேடம் ஒருமுறை தலைவரைப் பார்த்துவிட்டு மருந்தை ஊற்றினார். இந்தத் தடவை குழாயில் அளவான நீலம், சிப்பிக்காட்டுக்கு உரிய நீலம். கூட்டம் கொளஞ்சியின் கையைப் பார்த்தது. அவளுடைய நகக்கண்களில் மட்டும், உற்றுப் பார்த்தால் உண்டு என்கிற மாதிரி ஒரு நீலக்கீற்று ஓடியது, அவ்வளவுதான். பிறகு யாரோ நாற்காலிப் பக்கம் கையைக் காட்டினார்கள். தர்மலிங்கத்தின் விரல்கள் நீலமாகி, உள்ளங்கை நீலமாகி, மணிக்கட்டைத் தாண்டி, சலவைச் சட்டையின் கைக்குள் புகுந்து நீலம் மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது. சட்டைப்பையில் போன் அடித்தது. திருச்சியிலிருந்து அவர் மனைவி பேசினார். தனக்கும், மருமகளுக்கும், பேரன் பேத்திகளுக்கும் கை தோள்பட்டை வரை நீலமாகிவிட்டது, ஆஸ்பத்திரிக்குப் போவதா என்று கேட்டார்.

சிப்பிக்காடு என்ன கொடுத்தது என்று கேட்டவருக்கு அது என்ன கொடுத்தது என்று தெரிந்துவிட்டது. ஒவ்வோர் அறுப்புக்கும் கொளஞ்சி வரகரிசியும் துவரம்பருப்பும் வெங்காயமும் ஒரு மூட்டையாகக் கட்டித் திருச்சி பஸ்ஸில் ஏற்றிவிடுவாள், கண்டக்டர்தான் மாறியிருப்பாரே தவிர மூட்டை ஒரு வருஷமும் தவறியதில்லை. அக்கா தின்றது போகத்தான் அனுப்புகிறாள் என்று அவர்கள் எல்லோரும் நினைத்திருந்தார்கள், அப்படி நினைத்தோமா என்று கூட நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

"நீ சாப்பிடறதில்லயாக்கா?" என்றார் தர்மலிங்கம்.

"வெளையறதே செத்தயோண்டு. நீ புள்ளகுட்டிக்காரன். எனக்கு ரேசன் அரிசி போதும் தம்பி."

தலைவர் செங்கமலை துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார், மறுபடி துடைத்துக்கொண்டார். எவன் கை நீலமோ அவனுக்குக் காடு. சட்டம் போட்டது அவர்தான், அதன்படி நாலு பேரை வரப்பை விட்டு இறக்கியவரும் அவர்தான். இப்போது மாற்றிச் சொன்னால் நாளைக்கு எவன் கேட்பான். காடு தம்பிக்கு என்று அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். கொடுத்துக் கொடுத்தே தன் வழக்கைத் தோற்ற ஒருத்தியை அந்தக் கூட்டம் அதுவரை பார்த்ததில்லை.

கொளஞ்சி அழவில்லை, சரி என்றாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, பல்லை எடுத்து, ஆக்னஸ் மேடத்தின் கையில் வைத்தாள். இனி இதைப் புதைக்கத் தனக்கு இடமில்லை என்றும், கல்லும் பல்லும் ஒரே சரக்கு என்று மேடம்தான் சொன்னார் என்றும், கல்லோடு கல்லாக இதையும் கரைத்துவிட்டால் யார் காலிலும் மிதிபடாது என்றும் சொன்னாள்.

பல்லைக் கரைப்பதற்கு எந்த உத்தரவும் மேடத்திடம் இல்லை. ஆனாலும் அவர் அதைக் கல்வத்தில் போட்டு இடித்து, பொடியில் ஒரு சிட்டிகையை அமிலத்தில் கரைத்து, வடித்து, எந்த மண்ணுக்கும் செய்கிற மரியாதையோடு, ஒரு படியும் குறைக்காமல் செய்து, மருந்தை ஊற்றினார். குழாய் நீலமானது. பழக்கத்தில் எல்லோரும் கைகளைப் பார்த்துக்கொண்டார்கள்; கொளஞ்சியின் கை மாறவில்லை, யாருடைய கையும் மாறவில்லை, தர்மலிங்கத்தின் பழைய நீலம் மட்டும் அப்படியே இருந்தது. முடிந்தது என்று நினைத்த பாப்பாத்தி தன் வீட்டுக்குப் போகத் திரும்பினாள், திரும்பியவள் அப்படியே நின்று தெற்கே பார்த்தாள்.

சிப்பிக்காடு நீலமாகிக்கொண்டிருந்தது. முதலில் நடுக்காட்டில் ஒரு திட்டு, பிறகு கிழக்கே ஒரு திட்டு, பிறகு எல்லாம் சேர்ந்து, மண் நீலம், கட்டி நீலம், பொறுக்கிக் குவித்த கல் நீலம், முழங்கால் உயரம் நின்ற வரகுத் தாள் நீலம், வரப்புக்கு வரப்பு கயிறு பிடித்த மாதிரி அந்த ஒரு காடு மட்டும் நீலமாகி, பக்கத்துக் காடுகள் எல்லாம் எப்போதும் போலக் காய்ந்து கிடந்தன. ஊர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றது. மேடம் குழாயைக் கையில் பிடித்தபடி வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

தலைவர் செங்கமலைதான் முதலில் பேசினார்.

"மண்ணைத் தின்னது யாருன்னு இத்தனை நாளாப் பாத்தோம். மண்ணு யாரைத் தின்னுச்சுன்னு பாக்காம உட்டுட்டோம்."

அதற்குமேல் அவர் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. தர்மலிங்கம் எழுந்து, செருப்பைக் கழற்றி நாற்காலிக்கடியில் விட்டுவிட்டு, சிப்பிக்காட்டுக்குள் இறங்கினார். நடுக்காட்டில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு கை மண்ணை அள்ளினார். கை எது மண் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கல் வெட்டுகிறவர்கள் போனில் கூப்பிட்டார்கள், அவர் எடுத்து, காடு கொடுப்பதற்கில்லை, எங்கள் அக்கா இருக்கிறார்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். கொளஞ்சி வரப்பிலேயே நின்று, வெறுங்காலில் முள் குத்தும், வெளியே வா தம்பி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மிச்சப் பொடியை மேடம் ஒரு தாளில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார், அதை அவர்கள் இரண்டு பேருமாகக் காட்டில் புதைத்தார்கள்.

தையில் வரகு அறுத்ததும் கொளஞ்சி வழக்கம்போல மூட்டை கட்டித் திருச்சி பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். மறுநாள் பகல் பஸ்ஸில் மூட்டை திரும்பி வந்தது, அதைத் தோளில் வைத்துக்கொண்டு தர்மலிங்கம் இறங்கினார். மூட்டையை அவள் அடுப்படியில் இறக்கி, பிரித்து, தானே அரிசி களைந்து உலையில் போட்டு, குழைந்துபோன அந்தச் சோற்றை அவள் தின்று முடிக்கிற வரைக்கும் எதிரில் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகும் மாதம் ஒருமுறை வந்தார், வந்து பானையைத் திறந்து பார்த்தார். ரேஷன் அரிசி தென்பட்டால் சண்டை போட்டார்.

ஆக்னஸ் மேடத்தின் வண்டி பல ஊர் சுற்றிவிட்டு அடுத்த வருஷம் மறுபடி காரைமேட்டுக்கு வந்து வாகை மரத்தடியில் நின்றது. ஒருநாள் முற்பகல், வண்டிக் கதவில் சிப்பிக்காடு என்று எழுதியிருந்தது. கொளஞ்சி அதைப் பார்க்கவில்லை, அவள் காட்டில் நாலைந்து பெண்களோடு களை எடுத்துக்கொண்டிருந்தாள். விரல் நுனியில் தொடங்கி, உள்ளங்கை பரவி, மணிக்கட்டைத் தாண்டி, கண்ணாடி வளையல் வரைக்கும் அவள் கை நீலமானது. கொஞ்ச நேரம் அந்தக் கைகளை யாருடையதோ போலப் பார்த்தாள். பிறகு, பக்கத்துப் பெண்கள் பார்த்துவிட்டார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். தான் சாப்பிட்டது ஊருக்குத் தெரிந்துவிட்டதே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.